ஆறு கட்டம்

அனுராதபுரச் சந்தியில் என் கடை.
செத்த ரீவிக்கு உயிர் வந்துவிட்டதா என்று பார்க்க
ஒரேயொரு வீடியோ கசெற்.
பத்தொன்பது வருஷமாய் அதே ஓட்டம்.

யாரோ பதிந்து, யாரோ மறந்துபோன சொல் விளையாட்டு:
நீலத் திரை, ஆறு வெள்ளைக் கட்டம்,
மஞ்சள் சேலையில் ஒரு பெண்,
மீசைக்குள் சிரிக்கிற அறிவிப்பாளர்.
நிறம் சோதிக்க இதைவிட வசதியில்லை.
சேலை பச்சையாய்த் தெரிந்தால்
இன்னும் வேலை கிடக்கிறது.

குறிப்பை வாசிக்கிறார்:
"அடிக்கடி சொல்லுவோம்,
அவ்வளவாய் நம்பமாட்டோம்."

அவள் 'க' கேட்கிறாள்.
இல்லை.
"பரவாயில்லை. அடுத்த எழுத்து?"
'ம்' கேட்கிறாள்.
இல்லை.
"பரவாயில்லை, யோசியுங்கோ."

யோசிக்கிறாள். நெற்றியில் வியர்வை,
அது கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் தெரியும்.

எனக்கு நாலு மாதம் பிடித்தது.
ஒருநாள் ஈயம் உருக்கிக்கொண்டிருந்த கை
அப்படியே நின்றது.
அட, அந்த மனுசன்
விடையைத்தானே திரும்பத் திரும்பச் சொல்கிறான்!

அதற்குப் பிறகுதான்
சரியாகப் பார்க்கத் தொடங்கினேன்.

பாலையூற்றுச் செபமாலை அண்ணர்
வள்ளத்து றேடியோவோடு வருவார்,
பழுதில்லாத நாளிலும் வருவார்.
விடை தெரியும். தெரிந்தும்
"ழ கேள் பிள்ளை, ழ கேள்" என்று
கண்ணாடியைத் தட்டுவார்.
ழ இல்லையே அண்ணை என்றால்
"இருந்தால் வடிவாய் இருக்கும்" என்பார்.

கிண்ணியா றிஸ்மினா ரீச்சருக்கு
வேறு வழக்கு.
ஐந்து கட்டம் திறந்து
நாலாவது மட்டும் மூடிக்கிடக்க
அவள் 'ய' கேட்பாள்.
இல்லை என்பார் அவர்.
"ய கேட்ட பிள்ளைக்கு யி குடுத்தால் என்ன?
விசிறி ஒண்டுதானே மிச்சம்!"
ஒன்பது வருஷமாய் ரீச்சர்
அந்த மீசையை மன்னிக்கவில்லை.

"பரவாயில்லை" என்கிறார் மீசை, கடைசித் தடவையாக.
அவள் வாய் திறக்கிறாள்.
அந்த இடத்தில்
கிரிக்கெட்.
எவனோ மேலே பதிந்துவிட்டான்,
மழைக்கு மூடிய ஒரு மைதானத்தை.

போன மாசிக்குள்
டொக்யார்ட்டிலிருந்து ஒரு கடற்படைப் பொடியன்,
பிரியசாந்த, ஸ்திரிக்கைப் பெட்டியோடு வந்தான்.
தமிழ் கொஞ்சம், அதுவும் விலை கேட்க மட்டும்.
வாங்கில் குந்திப் பார்த்தான்.
இரண்டாம் தரம் மீசை வாய் திறந்தபோதே
விரலை நீட்டி
"பரவா... இல்ல?" என்றான்.

கடை அமைதியாய்ப் போயிற்று.
நாலு மாதம் பிடித்த எனக்கு
முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
அர்த்தம் தெரியாதவனுக்கு
ஓசை கேட்டிருக்கிறது.
எங்களுக்கு அந்தச் சொல்
மின்விசிறிச் சத்தம்போல, ஓடிக்கொண்டேயிருந்தது.

"அப்பிடியெண்டால் என்ன?" என்று கேட்டான்.
செபமாலை அண்ணர் தொடங்கினார், விட்டார்.
ரீச்சர் தொடங்கினார்:
ஒருத்தர் காலை மிதிச்சால் சொல்லுறது.
பஸ்ஸை விட்டால்.
காசு திரும்பி வராவிட்டால்.
வீடு... என்றுவிட்டு
கைப்பையில் எதையோ தேடினார்.
பொடியன் தலையாட்டினான்.
விளங்கியதா, மரியாதைக்கா, தெரியாது.
"ஆயெத்" என்றான், திரையைக் காட்டி.
மறுபடியும்.

சுற்றினேன்.
அவள் மறுபடி 'க' கேட்டாள்.
நாலு பேரும் மறுபடி முன்னால் சாய்ந்தோம்,
இந்தமுறை கண்டுபிடித்துவிடுவாள் போல.

இருட்டுகிற நேரம் கதவடைக்க வெளியே போனால்
பஸ் நிலையத்து மான் ஒன்று
வாசலில் நின்று அட்டைப்பெட்டி தின்கிறது.
அதில்தான் எழுதி வைத்திருந்தேன்:
செபமாலை, றேடியோ, வியாழன்.
மிஞ்சியது 'வியா' மட்டும்.

அண்ணர் குனிந்து பார்த்தார்.
மானையும் பார்த்தார்.
"நான் அப்பவே சொன்னனான்,
எங்கையோ ஒரு ழ இருக்கெண்டு."